பாண்டி, கடலூர் கேமராக்காரர்கள் அடிக்கடி கேட்கும் லென்ஸ் கேள்விகள்

காலையில் பாண்டி பீச் ரோட்டில் கேமராவோடு நடப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடலூர் சில்வர் பீச்சில் கூடுபவர்கள், புதுசாகக் கேமரா வாங்கிவிட்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் போன் போடுபவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். எல்லாமே பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கானது. கல்யாண ஆர்டர் எடுப்பவர்களின் கணக்கு வேறு.

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்கள் நிறைய. வாங்கியதை இந்த ஈரக்காற்றில் எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. நம் ஊரில் லென்ஸின் ஆயுளை முடிவு செய்வது இரண்டாவது கேள்விதான் என்பதால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளம்.

கேமராகூட வந்த 18-55 லென்ஸ் வேஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. உடனே மாத்தணுமா?

வேண்டாம். கிட் லென்ஸ் என்று இளக்காரமாகச் சொன்னாலும் பகல் வெளிச்சத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பை, எஃப் 8-இல் வைத்து ஒயிட் டவுன் தெரு ஒன்றை எடுத்துப் பாருங்கள். பல மடங்கு விலையுள்ள லென்ஸில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாலும் போன் திரையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அது திணறுவது இரண்டு இடங்களில்: வெளிச்சம் குறைந்த இடத்தில், பொருள் தூரத்தில் இருக்கும்போது.

எதை வாங்குவது என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லும். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் அது எத்தனை மி.மீ.-இல் எடுக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 55-இலேயே முட்டி நிற்கிறதென்றால் உங்களுக்கு டெலி, அதாவது தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். 18-இலேயே நிற்கிறதென்றால் வைட், அதாவது பரந்த காட்சி தரும் லென்ஸ். நடுவில் பரவிக் கிடந்தால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் மேல 18-55, அப்புறம் 3.5-5.6ன்னு எழுதியிருக்கே. அது என்ன கணக்கு சார்?

முதல் எண் குவிய தூரம், மில்லிமீட்டரில். எண் சின்னதாக இருந்தால் பரந்த காட்சி. பெரிதாக ஆக ஆகத் தூரத்துப் பொருள் பக்கத்தில் வரும். இரண்டாவது எண் அந்த லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பது. 18-இல் 3.5 வரை திறக்கும், 55-க்கு ஜூம் செய்தால் 5.6 வரைதான்.

இந்த அபர்ச்சர் எண் தலைகீழாக வேலை செய்வதில்தான் குழப்பம். குவிய தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது அது. அதனால் எண் குறைந்தால் திறப்பு பெரிது. எஃப் 1.8, எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு அறைக்குள் கிட் லென்ஸ் 1/10 விநாடி ஷட்டர் நேரம் கேட்கும் இடத்தில் 1.8 லென்ஸ் 1/100-இல் முடித்துவிடும். குழந்தை ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டியதில்லை.

போன்லயே நல்லா வருதே, அப்புறம் எதுக்கு கேமரா?

நியாயமான கேள்வி. பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா ஃபுல் ஃப்ரேம் (படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவில் இருக்கும் கேமரா) கணக்கில் 24-லிருந்து 26 மி.மீ. அளவுள்ள வைட் லென்ஸ்தான். சாப்பாட்டுத் தட்டு, தெரு, நண்பர்கள் கூட்டம் இதற்கெல்லாம் அது போதும். கேமராவின் அவசியம் தெரிவது பறவையிடம், மேடையிலிருக்கும் நடனக் கலைஞரிடம், ராட்டினத்தில் சுற்றும் பிள்ளையிடம், பூவின் மேலிருக்கும் எறும்பிடம். அதனால் லென்ஸ் வாங்கும்போது உங்கள் போனால் முடியாத வேலையைச் செய்யும் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

ரெண்டாவது லென்ஸ் 50 வாங்கலாமா, 35 வாங்கலாமா? யூடியூப்ல எல்லாரும் 50தான் சொல்றாங்க.

உங்கள் பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவைப் பொறுத்தது. ஆரம்ப நிலைக் கேமராக்களில் சென்சார், பழைய ஃபிலிம் அளவான 36 x 24 மி.மீ.-ஐவிடச் சின்னது. அதனால் லென்ஸின் பார்வை ஓரங்களில் வெட்டுப்படும், இவற்றுக்குத்தான் க்ராப் பாடி என்று பெயர். நிக்கான், சோனி, ஃபியூஜியில் 1.5 மடங்கும் கேனானில் 1.6 மடங்கும் நெருங்கியதுபோல் தெரியும். கேனான் க்ராப் பாடியில் 50 மி.மீ. போட்டால் கிடைப்பது 80 மி.மீ. பார்வை. முகம் எடுக்க அருமை. ஆனால் நம் வீட்டு ஹாலில் நாலு பேரை ஒரே படத்தில் அடக்கவேண்டுமென்றால் பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும்.

வீட்டுக்குள்ளும் தெருவிலும்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் நிக்கான் க்ராப் பாடிக்கு 35 மி.மீ. எஃப் 1.8, கேனானுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 பேன்கேக் (தட்டையான சின்ன லென்ஸ்) பாருங்கள். ஆட்களின் முகம்தான் ஆசை என்றால் கண்ணை மூடிக்கொண்டு 50 எஃப் 1.8. எல்லா கம்பெனியிலும் விலைக்கு அதிகம் தரும் லென்ஸ் அதுதான்.

ஃபுல் ஃப்ரேம் இல்லாம நல்ல படம் வராதா?

வரும். ஒரே அளவுக் காட்சியை ஒரே அபர்ச்சரில் எடுத்தால் ஃபுல் ஃப்ரேமில் பின்னணி கூடுதலாக மங்கும், இருட்டில் புள்ளிகள் குறையும், அவ்வளவுதான். பாடிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மலிவான லென்ஸோடு உட்கார்ந்திருப்பதைவிட, க்ராப் பாடியில் ஒரு நல்ல லென்ஸ் மேல். பறவை எடுப்பவர்களுக்கு அந்த 1.5 மடங்கு லாபமும்கூட.

கடன் வாங்கின 50 லென்ஸ் என் நிக்கான்ல ஆட்டோஃபோகஸே ஆகல. லென்ஸ் ரிப்பேரா?

லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ.எஃப்-டி என்றோ வெறும் ஏ.எஃப் என்றோ இருந்தால் அதற்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுற்றவேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையில் உண்டு. ஏ.எஃப்-எஸ் என்று இருந்தால் எல்லாவற்றிலும் ஓடும். இன்னொரு சிக்கல், புது ஏ.எஃப்-பி லென்ஸ்கள் டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது.

கேனான் இ.எஃப் லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. அங்கே பார்க்கவேண்டியது வேறு: க்ராப் பாடிக்கான இ.எஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில்) மாட்டவே மாட்டாது.

யு.வி. ஃபில்டர் போடணும்னு கடைக்காரர் கையோட கொடுத்துட்டாரு. அவசியமா?

யு.வி.-யைத் தடுப்பதற்காக டிஜிட்டலில் அது தேவையில்லை. அது ஃபிலிம் காலத்துப் பழக்கம். ஆனால் கடற்கரையில் லென்ஸின் முன்கண்ணாடி மேல் உப்புத் துளியும் மணலும் படாமல் காக்கும் ஒரு கண்ணாடியாக நான் அதை ஒத்துக்கொள்வேன். பீச்சில் போடுங்கள், மற்ற இடத்தில் கழற்றிவிடுங்கள். முக்கியமாக ராத்திரியில். மலிவான ஃபில்டரோடு தெருவிளக்கை எடுத்தால் படத்தின் எதிர்ப்பக்கத்தில் விளக்கின் ஆவி மாதிரி ஒரு பச்சைப் பொட்டு வந்து நிற்கும்.

அடிபடாமல் காக்க ஹூட், அதாவது லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு, இதைவிட உபயோகமானது. ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுப்பவர்களை தினமும் பார்க்கிறேன். அது பையில் வைக்கும்போது மாட்டும் விதம். படம் எடுக்கும்போது நேராகத் திருப்பிப் போடுங்கள்.

பீச்சுல லென்ஸ் மாத்தலாமா? உப்புக்காத்து கேமராவைக் கெடுத்துடுமா?

மணலில் நின்று மாற்றவேண்டாம். பீச் ரோட்டில் என்றால் சாலையைக் கடந்து காற்று மறைவான ஒரு சந்துக்கு வந்துவிடுங்கள். பாடியின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, சட்டென்று மாற்றவேண்டும். இன்னும் நல்லது, வீட்டிலேயே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு போய் அதோடு திரும்பி வருவது.

உப்பு உடனே எதையும் செய்யாது. அங்கேயே தங்கினால்தான் மவுண்ட் (பாடியும் லென்ஸும் சேரும் வளையம்) திருகாணிகளையும் மின் தொடர்புப் புள்ளிகளையும் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸ் குழாயையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஜூம் வளையத்தைச் சுற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தால் மணல் போயிருக்கிறது. அதற்கு மேல் சுற்றாமல், லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து பிளோயரால் (கையால் அமுக்கும் ரப்பர் ஊதி) ஊதுங்கள். டிரைபாடின் கால்களையும் கழுவுங்கள். அதை யாரும் நினைப்பதே இல்லை, அதுதான் முதலில் துருப்பிடிக்கும்.

ஏ.சி. ரூம்ல இருந்து வெளிய வந்தா லென்ஸ் முழுக்கப் பனி மூடிடுது. துடைச்சாலும் திரும்ப வருது. என்ன பண்றது?

துடைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளியே இருக்கும் ஈரக்காற்று படிந்து நீராகிறது. கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை படிந்துகொண்டேதான் இருக்கும். லென்ஸ் மாற்றவும் கூடாது, ஈரம் உள்ளேயும் போய்விடும்.

காலை 5 மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் ராத்திரியே கேமராப் பையை ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள். முடியாவிட்டால் பையின் ஜிப்பைத் திறக்காமல் வெளியே அரைமணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். காரில் போகும்போதும் இதே கதைதான், கடைசிப் பத்து நிமிடம் ஏ.சி.-யை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடலாம்.

லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரியுது. அது என்ன? போச்சா?

ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நம் கடற்கரையில் லென்ஸின் முதல் எதிரி. கீழே விழுந்து உடையும் லென்ஸைவிட அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூஞ்சை பிடித்த லென்ஸ்தான் இங்கே அதிகம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது வளரும். பாண்டியிலும் கடலூரிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவில்தான் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவே, தோல் பையில் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்?

ஆரம்பத்தில் ஓரத்தில் நூல் போலத் தெரியும்போது படத்தில் எந்த மாற்றமும் இருக்காது. வளர்ந்தால் படம் வெளிறிப்போகும். எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் மூடுபனி மாதிரி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேலிருக்கும் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. கிட் லென்ஸாக இருந்தால் சுத்தம் செய்யும் கூலிக்கு செகண்ட் ஹேண்டில் வேறொன்றே கிடைத்துவிடும்.

வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்று சொல்வார்கள். வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படலாம், ஏற்கெனவே படிந்தது போகாது. அதோடு, மூடி இல்லாமல் வெயிலில் விட்ட லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்துப் பக்கத்தில் இருக்கும் துணியைப் பற்றவைக்கும். அந்த வேலை வேண்டாம். ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுமா என்றும் கேட்கிறார்கள். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவை. தனியே வைப்பது நல்லதுதான், ஆனால் பெட்டி ஈரமாக இருந்தால் தனியே வைத்தும் பயனில்லை.

அப்போ அரிசி டப்பாவுல போட்டு வச்சா போதுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. அரிசி உறிஞ்சும் ஈரம் சொற்பம், அதன் மாவுத்தூள் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம். ரசக்கற்பூர உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியிலும் ரப்பரிலும் படியும்.

காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல், கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி. இந்த மூன்றும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கவேண்டும். 30-க்குக் கீழே நாள்கணக்கில் போனால் ரப்பரும் உள்ளே இருக்கும் கிரீஸும் காய்ந்துவிடும். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். ஓவனில் 110 டிகிரி அளவில் சூடு காட்டினால் பழைய நிறம் திரும்பும். நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, அது விஷம். அதனால் ஜெல்லைக் காயவைக்கும் பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள். அடைமழைக் காலத்தில் அடிக்கடி காயவைக்க வேண்டியிருக்கும். சலிப்பாக இருந்தால் மின்சார டிரை கேபினட் வாங்கிவிடுங்கள். என் வார்த்தையை நம்பினால், மூன்றாவது லென்ஸுக்கு முன்னால் வாங்கவேண்டியது அதுதான்.

எதுவும் வாங்க வசதியில்லையா? கேமராவை வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள். காற்றும் வெளிச்சமும் படும் லென்ஸில் பூஞ்சை அவ்வளவு எளிதில் குடியேறாது.

சட்டைத் துணியில துடைச்சா என்ன ஆகும்?

சட்டையில் இருக்கும் தூசு கண்ணாடியை உரசும். முதலில் பிளோயரால் ஊதி, பிறகு மென்பிரஷ், கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி. இந்த வரிசை மாறக்கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். முன்கண்ணாடியில் நாலு தூசு இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது, சும்மா சும்மா துடைக்கவேண்டாம்.

பாண்டி பீச்சுல சன்செட் எடுக்க எந்த லென்ஸ் நல்லாயிருக்கும்?

வெளியூர் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. நம் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் உதிக்கும், மறையாது. சில்வர் பீச்சிலும் அதேதான். தண்ணீருக்கு மேல் அஸ்தமனம் வேண்டுமென்றால் ஊசுட்டேரிக்குப் போய்க் கிழக்குக் கரையில் நில்லுங்கள். மாலையில் கடற்கரைக்கு வருவதாக இருந்தால் பௌர்ணமியன்று வாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இறங்கும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருப்பதால் நிலாவும் அலையும் ஒரே படத்தில் பதிவாகும்.

உதயத்துக்கு லென்ஸ் என்றால், சூரியன் பெரிதாகத் தெரிய டெலிதான் வழி. 250 மி.மீ.-இல் சூரியன் சென்சாரின் மேல் 2.3 மி.மீ. அளவுக்கு விழும். 18-இல் 0.2 மி.மீ.கூட இருக்காது, அதனால்தான் கிட் லென்ஸில் அது வெறும் பொட்டாக வருகிறது. வைட் லென்ஸ் இருந்தால் சூரியனை மறந்துவிட்டு காந்தி சிலையைச் சுற்றியிருக்கும் கல்தூண்களையோ பழைய கலங்கரை விளக்கத்தையோ நிழலுருவமாக எடுங்கள். ஒரு எச்சரிக்கை: டி.எஸ்.எல்.ஆரின் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியே டெலி லென்ஸில் ஏறிய சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில் பாருங்கள்.

இருதய ஆண்டவர் கோயிலை எடுத்தா பின்னாடி சாயற மாதிரி வருது. லென்ஸ் கோளாறா?

லென்ஸில் ஒன்றுமில்லை. உயரமான கட்டடத்தை முழுதாக அடக்கக் கேமராவை மேலே தூக்குகிறீர்கள், அதனால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். எவ்வளவு பின்னால் போகமுடியுமோ அவ்வளவு போங்கள். கீழே வரும் வெறும் சாலையைப் பிறகு வெட்டிவிடலாம். மிச்சச் சாய்வை எடிட்டிங்கில் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள்.

ஒயிட் டவுன் தெருக்களில் பின்னால் போக இடமிருக்காது. அங்கே 10-18 அல்லது 10-20 மி.மீ. வைட் ஜூம் உதவும். அந்த மஞ்சள் சுவர்களுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். திண்ணையில் ஏறி போஸ் கொடுக்கும் கூட்டத்தால் அவர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள்.

போலரைசர் வாங்கினேன். சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் ஒண்ணுமே ஆகல. ஏமாத்திட்டாங்களா?

போலரைசர் என்பது பளபளப்பை வெட்டி வானத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர். நீங்கள் நிற்கும் திசையைப் பாருங்கள். சூரியன் உங்கள் தோளுக்கு நேராக, பக்கவாட்டில் இருக்கும்போதுதான் வானம் அடர்நீலமாகும். காலையில் கடலைப் பார்த்து, அதாவது சூரியனைப் பார்த்து நின்றால் வானத்தில் ஒன்றும் நடக்காது. ரொம்ப வைட் லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டாக வரும்.

வானத்தைவிட இலைகளுக்கும் தண்ணீருக்கும் அது அதிகம் உதவும். பிச்சாவரத்தில் சுரபுன்னை இலைகளின் பளபளப்பை நீக்கிப் பச்சையை வெளியே கொண்டுவரும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் நிழலான ஓடைக்குள் போனதும் கழற்றிவிடுங்கள்.

கடல் தண்ணி பால் மாதிரி வர்ற படம் எப்படி எடுக்கறாங்க?

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர், டிரைபாட். 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/60 விநாடி 17 விநாடியாக மாறும். ஃபில்டர் மாட்டியபின் கேமராவுக்கு எதுவும் தெரியாது, அதனால் முதலில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். டிரைபாட் காலை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள், இல்லாவிட்டால் அலை வந்து போகும்போது மெல்லப் புதையும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் டிரைபாடில் நிறுத்திவிடுங்கள். பீச் ரோட்டின் பாறைகளுக்கு இந்த முறை பொருந்தும். மனிதர்கள் நிறைந்த இடத்துக்குப் பொருந்தாது.

ஊசுட்டேரி, பெருமாள் ஏரில பறவை எடுக்க எத்தனை மி.மீ. வேணும்?

உண்மையைச் சொன்னால், எத்தனை இருந்தாலும் போதாது. க்ராப் பாடியில் 55-250 அல்லது 70-300 வைத்துக்கொண்டு தொடங்கலாம். கரையோரக் கொக்கு, மீன்கொத்தி, மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் எல்லாம் அதில் அடங்கும். ஏரி நடுவில் இருக்கும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் 150-600 வகை லென்ஸ் வேண்டும். அதை வாங்கும் முன் யாரிடமாவது வாங்கிக் கையில் தூக்கிப் பாருங்கள். சிக்மாவின் கன்டெம்பரரி 150-600 கிட்டத்தட்ட 1.9 கிலோ.

பறக்கும் பறவைக்கு 1/1600 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். மங்கலான படத்தைவிடப் புள்ளியான படம் மேல். இன்னொன்று: காலை 9 மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் சூடு ஏறி காற்று அலைய ஆரம்பித்துவிடும். தூரத்துப் படங்கள் மசமசவென்று வருவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். சீக்கிரம் போங்கள், அதுதான் மருந்து.

ஸ்டெபிலைசர் இருக்குற லென்ஸ்தான், ஆனாலும் பிச்சாவரம் படகுல எடுத்தது எல்லாம் ஆடிப்போச்சு. ஏன்?

ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். படகு முன்னே நகர்வதையும் துடுப்புக்காரரின் அசைவையும் அது நிறுத்தாது. மரங்கள் கவிந்த ஓடைக்குள் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும், கேமரா தானாக 1/30-க்கு இறங்கியிருக்கும். ஷட்டர் ஸ்பீடை 1/250-இல் நிறுத்தி ஐ.எஸ்.ஓ.-வை ஆட்டோவில் விடுங்கள். முன்னே சொன்ன 35 அல்லது 50 எஃப் 1.8 இங்கேதான் காசுக்கு வேலை செய்யும்.

நிலத்தில் நிற்கும்போது ஒரு சுலபக் கணக்கு: குவிய தூரத்தை க்ராப் எண்ணால் பெருக்கி, அதற்குக் குறையாத ஷட்டர் ஸ்பீடு. கேனானில் 250 என்றால் 250 x 1.6, ஆக 1/400.

மாசி மகம், தேர்த் திருவிழாவுக்கு என்ன எடுத்துட்டுப் போகலாம்?

ஒரு பாடி, ஒரு ஜூம். வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ மாசி மகக் கூட்டத்தில் லென்ஸ் மாற்ற நினைப்பதே வீண். 18-135 மாதிரி நீளமான ஜூம் இருந்தால் அது போதும். காலையில் கடலைப் பார்த்து நின்றால் சாமிகளும் மனிதர்களும் கறுப்பு உருவமாகத்தான் வருவார்கள். கரையோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் முகத்தில் வெளிச்சம் விழும். வீராம்பட்டினம் ஆடித் தேருக்கு முன்னால் வடம் பிடிப்பவர்களை எடுக்க வைட் வேண்டும் என்பார்கள், சரிதான். ஆனால் தேர் நகரும்போது வடத்துக்குள் போய் நிற்காதீர்கள், வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது தூரம் தெரியாது.

கோயிலுக்குள் எடுப்பதைப் பற்றி: சிதம்பரத்தில் சந்நிதியை எடுக்க அனுமதி இல்லை. மற்ற இடங்களிலும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் கையில் பிடித்து எடுக்க விட்டாலும் டிரைபாடுக்குத் தனி அனுமதி கேட்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கறப்போ என்னென்ன பார்க்கணும்?

ஒரு சின்ன டார்ச்சோடு போங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து உள்ளே பாருங்கள். நாலைந்து தூசு இருந்தால் பரவாயில்லை. நூலோ மூட்டமோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. மவுண்ட் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். துருவோ பச்சையோ இருந்தால் கடற்கரையில் வாழ்ந்த லென்ஸ்.

பிறகு உங்கள் பாடியில் மாட்டி ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுங்கள். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே தெளிவில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது, அநேகமாகக் கீழே விழுந்தது. ஜூமின் இரண்டு முனையிலும் ஃபோகஸைச் சோதியுங்கள். சென்னையில் வாங்கினாலும் பாண்டியில் வாங்கினாலும் பில் கேளுங்கள். “பெட்டி மட்டும் தொலைஞ்சுபோச்சு” என்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர் வச்சிருக்கேன். எல்லாரும் மிரர்லெஸ் போயிட்டாங்க. இருக்குற லென்ஸையெல்லாம் விக்கணுமா?

அவசரமில்லை. மிரர்லெஸ் என்றால் உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா. கேனானும் நிக்கானும் 2018-இல் புது மவுண்டுகளைக் கொண்டுவந்த பிறகு புது லென்ஸ்கள் எல்லாம் அங்கேதான் வருகின்றன. அதன் மறுபக்கம், பழைய மவுண்ட் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிந்துவிட்டன. பொழுதுபோக்குக்காரர்களுக்கு இது நல்ல காலம்.

மாறினாலும் பழைய லென்ஸ் வீணாகாது. கேனான் இ.எஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும், புது மவுண்டான ஆர்.எஃப் பாடியில் அந்தத் தூரம் 20 மி.மீ. தான். நடுவில் 24 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும், ஆட்டோஃபோகஸும் ஓடும். நிக்கானிலும் எஃப்.டி.இசட் அடாப்டர் அப்படித்தான். ஆனால் அதில் மோட்டார் கிடையாது, முன்னே பார்த்த ஏ.எஃப்-டி லென்ஸ் அங்கேயும் கையால்தான். மிரர்லெஸ் லென்ஸைப் பழைய பாடியில் போட வழியே இல்லை. செகண்ட் ஹேண்டில் கேனானின் பழைய மிரர்லெஸ்ஸான எம் வரிசை மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். அந்த மவுண்டை 2023-இல் நிறுத்திவிட்டார்கள், ஆர்.எஃப் லென்ஸ் அதில் சேராது.

தாத்தாவோட பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் இருக்கு. இதுல மாட்டலாமா?

பெரும்பாலும் மாட்டலாம், மேலே சொன்ன அதே தூரக் கணக்குதான். எம்42 திருகு மவுண்ட் லென்ஸ்களுக்கு 45.46 மி.மீ. வேண்டும். கேனான் டி.எஸ்.எல்.ஆர் 44 என்பதால் மெல்லிய வளையம் போதும். நிக்கான் 46.5 என்பதால் தூரத்துப் பொருளில் ஃபோகஸ் நிற்காது. பழைய நிக்கான் லென்ஸ்களோ டி3500-இலேயே மாட்டும். வெளிச்ச அளவு காட்டாது, நீங்களே மேனுவலில் வைக்கவேண்டும். மிரர்லெஸ்ஸில் எதற்கும் வளையம் கிடைக்கும். மாட்டும் முன் டார்ச் சோதனை செய்யுங்கள். முப்பது நாற்பது வருடம் பீரோவில் தூங்கிய லென்ஸில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

மழையில நனைஞ்சுடுச்சு. ஹேர் டிரையர் போடலாமா?

கூடாது, சூடு பசையை இளக்கும், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். ஆன் செய்யாமல் முதலில் பேட்டரியை எடுங்கள், பிறகு கார்டு, லென்ஸ். வெளியே துடைத்து, புது சிலிகா ஜெல்லோடு டப்பாவில் இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் பல கேமராக்களைக் கொல்கிறது. நனைந்தது கடல் தண்ணீரில் என்றால் காத்திருக்காமல் அன்றே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள், உப்பு மணிக்கணக்கில் வேலையைக் காட்டும். வெதர் சீல் என்று விளம்பரம் செய்த கேமராவுக்கும் தண்ணீர் புகுந்தால் வாரன்டி பெரும்பாலும் கிடைக்காது. 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி மழை வரும் என்று எச்சரிக்கை வந்தால் கேமரா டப்பாவைத் தரைத்தளத்திலிருந்து எடுத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

அதே 50 லென்ஸ் நண்பரோட மிரர்லெஸ்ல ஷார்ப்பா வருது, என் டி.எஸ்.எல்.ஆர்ல வரல. யார்மேல தப்பு?

இரண்டும் சரியாகவே இருக்கலாம். டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸைப் பார்ப்பது தனி சென்சார், படம் பதிவது வேறு சென்சார். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எஃப் 1.8-இல் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக வரும். எஃப் 5.6 கிட் லென்ஸில் அது வெளியே தெரிந்திருக்காது. மிரர்லெஸ்ஸில் ஒரே சென்சார் என்பதால் இந்தப் பிரச்சினையே எழாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். டிரைபாடில் வைத்து, ஒரு செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, நடுவிலுள்ள ஒரு எழுத்தில் வ்யூஃபைண்டர் வழியே ஃபோகஸ் செய்து எஃப் 1.8-இல் எடுங்கள். அதே எழுத்தை லைவ் வியூவில் ஒருமுறை எடுங்கள். லைவ் வியூவில் தெளிவாகவும் மற்றதில் முன்னேயோ பின்னேயோ தள்ளியும் இருந்தால் அளவு மாறியிருக்கிறது. கொஞ்சம் விலை கூடிய பாடிகளில் அதைத் திருத்த மெனுவிலேயே ஏ.எஃப் ஃபைன் டியூன் அல்லது மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். ஆரம்ப நிலைப் பாடிகளில் இருக்காது. பாடியையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் சென்டரில் கொடுக்கவேண்டும், ஒன்றை மட்டும் கொடுத்தால் சரியாகாது. செலவு வேண்டாமென்றால் முகம் எடுக்கும்போது லைவ் வியூவிலேயே எடுங்கள், அல்லது எஃப் 2.8-க்கு மூடிக்கொள்ளுங்கள்.